ஐந்தாவது முங்கு

ஈவாஞ்சலின் என் மேசைமேல் விரித்த தாளின் அடியில் என் பெயர் அச்சாகியிருந்தது. 'நிரல் உருவாக்கம்: செ. முருகேஸ்வரி.' யாரும் போடச் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்டேன். சொந்தத் தம்பட்டம் அடிப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள். "இது பொய் சொல்லுமா?"

அது சங்குகுளித் தொழிலாளர் சங்கத்துக்காக ஆறு மாதத்துக்கு முன் நான் பைத்தானில் எழுதிக் கொடுத்த நிரலின் அறிக்கை. சங்கம் ஒவ்வொரு படகுக்கும் ஒரு முக்குளிப்புக் கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தது. கையில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினால் எத்தனை மணிக்கு இறங்கினார், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்று அதுவே பதிந்துவைக்கும். அதை எடுத்து ஆள்வாரியாகக் கணக்குக் காட்டுவது என் நிரலின் வேலை. ஒருமுறை இறங்கி ஏறுவது ஒரு முங்கு. ஆழத்துக்கு அடிக்கடி இறங்கி ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக் கால் விழுந்துவிடும்; அதனால் ஒருவர் ஒரு நாளைக்கு நாலு முங்குக்கு மேல் போகக் கூடாது என்பது சங்கத்தின் விதி. தாளில், பதினான்காம் தேதிக்கு நேரே, 'ஜெபின் – 11' என்று இருந்தது.

ஜெபின் அவளுடைய கணவன். அந்தப் பதினான்காம் தேதி மதியம்தான் இரண்டு காலும் செத்துப்போய் அவனைக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். பதினெட்டு நாளாகிறது. இப்போது வலது காலில் விரல்கள் அசைகின்றனவாம்.

"எங்கப்பாவும் சங்கு குளிக்கப் போயி காலு போனவதாங்க்கா. பதினோரு வருசம் தரையில தவந்தாவ. அதப் பாத்து வளந்தவ நான். கல்யாணத்துக்கு முன்னாடியே மாதா கோயில்ல வச்சு இவங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டேன். நாலு முங்கு, அதுக்கு மேல ஒண்ணு கூடாதுன்னு. நாலுக்கு மேல போவலன்னு இப்பவும் சொல்லுதாங்க. இதுல பதினொண்ணுன்னு இருக்கு. சங்குக்கு ஆசப்பட்டு எங்க அப்பா கதையவே எனக்குத் திரும்பக் காட்டிட்டாங்கன்னு நெனச்சா..." நிறுத்தினாள். "சோறு ஊட்டுதேன், துணி மாத்துதேன். பேச மட்டும் வாய் வரமாட்டேங்கு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் என் வேலையை யாராவது சந்தேகப்பட்டால் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது தாயி. மனுசந்தான் சொல்லுவான்," என்றேன்.

அவள் தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சரி, ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று கடிகாரத்தின் மூலக் கோப்பைத் திறந்தேன். பதினான்காம் தேதி முதல் முங்கு 6:43, இருபது நிமிடம். அடுத்தது 7:07, இருபது நிமிடம். அடுத்தது 7:31. அதாவது, ஒன்பது பாகம் ஆழத்திலிருந்து ஏறி வந்தவன் நாலே நிமிடத்தில் திரும்ப இறங்கியிருக்கிறான். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். ஒன்பது பாகம் என்றால் நம் தெருவில் ஐந்து மாடி உயரம். என் அப்பா உடன்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரு மூட்டையை இறக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் அடுத்த மூட்டையைத் தொடமாட்டார். தண்ணீருக்கடியில் இருபது நிமிடம் உழைத்தவன் வெற்றிலை போடக்கூட நேரமில்லாமல் பதினொரு தடவை இறங்கினானா?

நிரலைத் திறந்தேன். அங்கே நான் பெருமையாக எழுதி வைத்திருந்த வரி இது:

மொத்தம் = மொத்தம் + த[4][0][7][1]

எனக்கே புரியவில்லை. நாலு என்ன, பூஜ்யம் என்ன, ஏழு என்ன? பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல், அதற்குள்ளும் ஒன்று. எழுதிய அன்றைக்கு எல்லாம் தலைக்குள் இருந்தது. சுருக்கமாக எழுதிவிட்டோம் என்று குளிர்ந்து போயிருந்தேன். இப்போது என் சாவியை நானே ஒளித்து வைத்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கிறேன். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தம் எழுதிக்கொண்டு வந்தேன். நாலு என்பது ஐந்தாவது படகு, 'அமலோற்பவம்'. பூஜ்யம் என்பது அந்தப் படகின் கடிகாரம். ஏழு என்பது எட்டாவது முங்கு. ஒன்று என்பது நிமிடம்.

படகு இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, முங்கு இருக்கிறது. ஆள் எங்கே?

நாலு அடுக்கிலும் ஆளே இல்லை. ஜெபின் என்ற பெயர் வேறொரு கோப்பிலிருந்து வந்தது: கடிகாரம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்ற கோப்பு. அந்தக் கடிகாரத்தை வேறு யாராவது கட்டியிருந்தால்?

நாலு மணிக்குத் திரேஸ்புரம் கரையில் இருந்தேன். கஸ்பாரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் ஈவாஞ்சலினின் அண்ணன். ஜெபினுக்குக் கயிறு பிடிப்பவர். இந்தக் கரையில் குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியை அறுக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்பது காலகாலமான கணக்கு.

"அண்ணே, ஒங்க படகுல அந்தக் கடிகாரத்த யாரு கட்டுவா?"

"எறங்குதவன் கட்டுவான். வேற யாரு கட்டுவா? கம்ப்ரசர் ஒண்ணு, காத்துக் குழா ஒண்ணு. ஜெபின் ஏறுனா லிங்கராஜ் எறங்குவான், அவன் ஏறுனா இவன். குழாயையும் கடிகாரத்தையும் கழத்தி மத்தவன்கிட்ட குடுக்கது."

"பெறவு ஏன் ஜெபின் பேருல பதிஞ்சிய?"

"ஃபோன் நம்பர், இமெயிலு எல்லாம் கேட்டாவள்லா. அவன்கிட்டதான் இமெயிலு இருந்துச்சு." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேஸ் கனெக்‌ஷன் ஒருத்தர் பேருல இருந்தா, சோறும் அவரு ஒருத்தரேவா திங்காரு?"

தென்னந்தோப்பில் ஒரு தேங்காய் சரியாக என் தலையில் விழுந்ததுபோல இருந்தது. பதினொரு முங்கும் இரண்டு பேருடையது. நான் ஒருவன் தலையில் கட்டிவிட்டேன். கட்டிவிட்டு, அவன் பெண்டாட்டியிடம் மனுசன்தான் பொய் சொல்வான் என்று தத்துவமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"யாரு எத்தன முங்குன்னு ஒங்ககிட்ட கணக்கு இருக்கா?"

இருந்தது. அவரவர் எடுத்த சங்கு அவரவர் வலைப்பையில் போகவேண்டும் என்பதால், ஒவ்வொருவர் இறங்கும்போதும் பெயரையும் நேரத்தையும் கஸ்பார் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். மெழுகுத்தாள் உறை போட்ட நாற்பது பக்க நோட்டு. உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் விறைத்திருந்தது.

அதை வாங்கிக்கொண்டு சங்கச் செயலாளர் தொபியாஸ் அண்ணாச்சியிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோட்டு யாரு எழுதுனது? மச்சான். யாருக்கு? மச்சானுக்கு. வேலிக்கு ஓணான் சாட்சி. நாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கூட்டம் இருக்கு, விதி மீறுனதுக்கு ஜெபினோட சங்க உறுப்பினர் கார்ட ரத்து பண்ண. ஒனக்கு மனசு கேக்கலன்னா பதினொண்ண அழிச்சிட்டு நாலுன்னு போட்டுக் குடு, நான் வாசிச்சிருதேன். காலு போனவன், பாவம்."

நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தப் பாவம் என்ற சொல் எனக்குச் சுள்ளென்று ஏறியது. பாவப்பட்டுப் போட்ட நாலை ஈவாஞ்சலின் நம்புவாளா? பதினொன்றைப் போட்டதும் நான், நாலைப் போட்டதும் நான் என்றால், நாளைக்கு ஏழு என்றும் போடுவேன் என்றுதானே அவள் நினைப்பாள்?

"இல்ல அண்ணாச்சி. அழிக்க மாட்டேன். முழுசா திருப்பி எழுதிக் கொண்டாரேன். அவளே வாசிக்கிற மாதிரி," என்றேன்.

"ரெண்டு நாளுலயா?"

"ஒரு நாள் போதும்."

வீம்புக்குச் சொன்னது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். முதலில் நிரல் எழுதவில்லை. வெள்ளைத் தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதினேன்: யாருக்குள் யார்?

முந்தைய நிரலில் கடிகாரத்துக்குள் முங்குகள் இருந்தன. அங்கேதான் குடி கெட்டது. கடிகாரம் முங்குவதில்லை, ஆள்தான் முங்குகிறான். ஆகவே ஆளுக்குள் முங்கு; கடிகாரம் என்பது அந்த முங்கைப் பற்றிய ஒரு சின்ன விவரம், அவ்வளவுதான்.

பிறகு உற்சாகம் வந்து அதிகப்படியாகக் கட்டினேன். சங்கம், அதற்குள் கரை, அதற்குள் படகு, அதற்குள் மாதம், நாள், ஆள், முங்கு என்று ஏழு அடுக்கு. பார்க்க அழகாக இருந்தது. கஸ்பாருக்கு ஃபோன் போட்டு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது அடுக்கு தாண்டியதும் அவர், "தங்கச்சி, இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலே இரண்டு அடுக்கில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஒற்றைப் பிள்ளைக்கு எதற்கு ஒன்பது அறை வீடு? அந்த இரண்டையும் தட்டிவிட்டேன். மாதத்தையும் நாளையும் சேர்த்துத் தேதி ஆக்கினேன். நாலு அடுக்கில் நின்றது: படகு, தேதி, ஆள், முங்கு. ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது.

அடுத்து, எண்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் பெயர்கள் வைத்தேன். தமிழிலேயே வைத்தேன். ஒன்று என்றால் நிமிடம் என்று யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நிமிடம் என்றால் நிமிடம். கடிகாரம் மீட்டரில் சொல்கிற ஆழத்தைப் பாகத்துக்கு மாற்றினேன், கரையில் யாரும் மீட்டரில் மூச்சடக்குவதில்லை. தெரியாத இடத்தில் பூஜ்யம் போடுகிற பழக்கத்தை விட்டேன். பூஜ்யம் என்பதும் ஒரு பதில். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுத வேண்டும். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு வரி, உள்ளே போகப் போகக் கொஞ்சம் தள்ளி. இப்படி வந்தது:

"அமலோற்பவம்": {
    "14ஆம் தேதி": {
        "ஜெபின்": [
            {
                "இறங்கிய நேரம்": "6:54",
                "ஆழம் பாகத்தில்": 9,
                "நிமிடம்": 20,
                "கடிகாரம்": "சங்கக் கடிகாரம் 5"
            },

நோட்டிலிருந்து ஆளையும் நேரத்தையும் எடுத்து, கடிகாரத்திலிருந்து ஆழத்தையும் நிமிடத்தையும் எடுத்து, நேரம் ஒத்துப்போகிற இடத்தில் ஒட்டவைக்க வேண்டும். நிரலை ஓட்டினேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. பதினொன்றில் ஒன்றுகூட.

அந்த நிமிடத்தில் கஸ்பார்மீது எனக்கு வந்த சந்தேகத்தை மறைக்க விரும்பவில்லை. மச்சானுக்காக உட்கார்ந்து எழுதிய நோட்டுதானோ? தொபியாஸ் அண்ணாச்சி சொன்ன ஓணான் என் கண் முன்னால் தலையை ஆட்டியது. மேசையை ஓங்கி அறைந்தேன். கைதான் வலித்தது. பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே வாசித்தேன். கடிகாரத்தில் 6:43, நோட்டில் 6:30. கடிகாரத்தில் 7:07, நோட்டில் 6:54. 7:31க்கு 7:18.

பதிமூன்று நிமிடம். எல்லாவற்றுக்கும், பிசகாமல், பதிமூன்று நிமிடம்.

"அண்ணே, கடிகாரம் வாங்குன அன்னைக்கு அதுல நேரம் வச்சது யாரு?"

"நாந்தான்," என்றார் ஃபோனில். "டீக்கடக் கடிகாரத்தப் பாத்து வச்சேன்."

"நோட்டுல?"

"அது என் ஃபோனப் பாத்து எழுதுதது. ஏன், டீக்கடக் கடிகாரம் கொஞ்சம் முன்னாடி ஓடும். படகுக்காரன் பிந்திரக் கூடாதுன்னு கடக்காரரு தள்ளி வச்சிருப்பாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஓணானும் வேலியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கடிகாரத்துக்குள் என்ன நேரம் பதிவாகியிருக்கிறது என்று கஸ்பாருக்குத் தெரியாது. என் பழைய அறிக்கையில் மொத்தம்தான் இருந்தது, நேரம் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்ன பதினொரு நேரமும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது என்றால் இரண்டும் உண்மை. இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

பதிமூன்றைக் கழித்து மறுபடி ஓட்டினேன். பதினொன்றும் ஒட்டின. லிங்கராஜ் ஏழு. ஜெபின் நாலு.

நாலு! நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று நடந்தேன். ஜெபின் சத்தியத்தை மீறவில்லை. ஈவாஞ்சலினுக்கு உடனே ஃபோன் செய்யக் கை பரபரத்தது. அப்போதுதான் திரையின் அடியில் ஒரு வரியைப் பார்த்தேன். எதனோடும் ஒட்டாதவற்றைத் தனியாகக் காட்டு என்று நானே நிரலில் எழுதியிருந்தேன். கடிகாரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. நோட்டில் ஒன்று மிச்சம்.

'ஜெபின் –'

நேரம் இல்லை. கடைசி வரி. பெயருக்குப் பின்னால் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

கஸ்பாரை நேரில் வரச் சொன்னேன். அரைமணி நேரத்தில் வந்தார். நோட்டை அவர் முன்னால் விரித்து அந்த வரியில் விரலை வைத்தேன். அவர் பார்க்கவில்லை.

"அத விட்டிரு தங்கச்சி. நாலுன்னு வந்துட்டுல்லா. அவ சந்தோசப்படுவா."

"இது என்ன முங்கு அண்ணே?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார். ஜெபின் நாலு முடித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்திருக்கிறான். லிங்கராஜ் விதியை மீறி ஏழாவதாக இறங்குகிறான். இருபது நிமிடத்தில் வரவேண்டியவன் வரவில்லை. கயிற்றை இழுத்தால் வரவில்லை, அடியில் பழைய வலை ஒன்றில் காற்றுக் குழாயோடு சேர்ந்து சிக்கியிருக்கிறான். இருந்தது ஒரே குழாய், அது அவனிடம். ஒரே கடிகாரம், அது அவன் கையில்.

"ஜெபின் என் மொகத்தப் பாத்தான். சத்தியம் பண்ணிருக்கேன் மச்சான்னான். எனக்கும் தெரியும், சத்தியம் பண்ணும்போது பக்கத்துல நின்னவன் நான். ஆனா கீழ ஒருத்தன் சாவக் கெடக்கானே. நான்தான், எறங்குலேன்னேன். நான் போவச் சொன்னேன். மூச்சப் புடிச்சுக்கிட்டு, குழா இல்லாம போனான். மூணு தடவ மேல வந்து மூச்சு எடுத்துட்டு எடுத்துட்டுப் போயி அறுத்து விட்டான். பெறவுதான் காலு..." அவர் குரல் உடைந்தது. "அவ புருசனுக்குக் கயிறு புடிக்கத்தான் என்ன வச்சிருக்காவ. நானே தள்ளிவிட்டிருக்கேன். ஆசுபத்திரியில அவன் என் கையப் புடிச்சு, ஈவாட்ட சொல்லாத மச்சான், பொறந்த வீட்டுல அவளுக்கு இருக்கது நீ ஒருத்தந்தான்னான்."

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியை அழித்தால் போதும். ஒட்டாததை விட்டுவிடு என்று நிரலிடம் சொன்னால் அது சத்தமில்லாமல் விட்டுவிடும், யாரும் கேட்கப் போவதில்லை. ஜெபின் நாலு. சுத்தமான நாலு.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னா ஏன் அண்ணே நோட்டுல எழுதுனிய?"

"நோட்டு பொய் சொல்லக் கூடாதுல்லா," என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல.

எனக்கு முகம் சுட்டது. நான் பெருமைக்குச் சொன்ன வசனத்தை அந்த மனுஷன் செய்து காட்டியிருக்கிறார், தன் கழுத்துக்கே கயிறாக வரும் என்று தெரிந்தும்.

"அப்பம் இதுவும் பொய் சொல்லக் கூடாது," என்றேன் திரையைக் காட்டி. "நான் போடத்தான் போறேன். ஒங்க வாயால சொல்லுங்க, அப்படியே எழுதுதேன். முடியாதுன்னா, தெரியாதுன்னு எழுதுவேன். இல்லன்னு எழுத மாட்டேன்."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "சரி, எழுது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். சுவரில் மாட்டிய டிவியில் என் மடிக்கணினியை இணைத்தேன். ஈவாஞ்சலின் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கஸ்பார் எதிர்ச் சுவரோரம் நின்றார்.

முதலில் எழுந்து, பதினொன்று என் தப்பு என்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டேன். அவளைப் பார்த்துக் கேட்டேன். பதிமூன்று நிமிடக் கதையைச் சொன்னதும் டீக்கடையை வைத்து எல்லோரும் சிரித்தார்கள். தொபியாஸ் அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் இரண்டு பட்டியலையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துவிட்டு, "ஓணான் ஜெயிச்சிட்டு," என்றார்.

"இத நான் வாசிக்க மாட்டேன்," என்றேன். "ஈவாஞ்சலின், நீ வந்து வாசி தாயி."

அவள் வந்தாள். திரைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, சத்தமாக வாசித்தாள். ஒரு வரியில்கூடத் தயங்கி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அமலோற்பவம். பதினான்காம் தேதி. லிங்கராஜ். ஒன்று, இரண்டு என்று ஏழுவரை போனது. ஏழாவதில் நிமிடம் 38 என்று வந்தபோது நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவர்களுக்கு அந்த எண் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது வரிசையில் லிங்கராஜ் எழுந்தான். "ஏழும் நாந்தான். என் கார்ட எடுத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு உட்காராமலே நின்றான்.

பிறகு ஜெபின். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. நாலாவதை வாசித்ததும் அவள் குரல் இளகியது. விரல் இன்னும் கீழே போனது.

            {
                "இறங்கிய நேரம்": "தெரியாது",
                "ஆழம் பாகத்தில்": 9,
                "காற்றுக் குழாய்": "இல்லை",
                "கடிகாரம்": "லிங்கராஜ் கையில்",
                "எதற்கு": "லிங்கராஜை வலையிலிருந்து விடுவிக்க",
                "இறங்கச் சொன்னவர்": "கஸ்பார்"
            }

கடைசிச் சொல்லை அவள் வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் திரும்பித் தன் அண்ணனைப் பார்த்தாள். கஸ்பார் தலையைக் குனியவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணே," என்றாள். "கயிறு?"

"நாந்தான் புடிச்சேன்."

"ரெண்டு பேரையும் மேல இழுத்தது?"

"நாந்தான். ரெண்டு கயிறும் என் கையிலதான் இருந்திச்சு." அவர் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை.

ஈவாஞ்சலின் என் பக்கம் திரும்பினாள்.

"எறங்கச் சொன்னவர்னு மட்டும் போட்டா எப்படிக்கா? மேல இழுத்தவரு யாருன்னு இதுல இல்லையே. அதயும் போடுங்க."

பழைய நிரலாக இருந்திருந்தால் நடுவில் ஒன்றைச் சொருகினால் எல்லா எண்ணும் இடம் மாறி, அரைநாள் வேலை. இப்போது ஒரே ஒரு வரி. நாற்பது பேர் பார்க்க, தட்டினேன்.

                "மேலே இழுத்தவர்": "கஸ்பார்"

அவள் அதையும் விரல் வைத்து வாசித்தாள். இந்த முறை பெயரையும் சேர்த்து, சத்தமாக. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அச்சடித்துத் தரச் சொன்னாள்.

"ரெண்டு தாள் வரும். வீட்டுக்கு நான் கொண்டாந்து ஜெபின்ட்ட வெளக்கிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க்கா," என்றாள். "இருபது நாளா அவங்ககிட்ட பேசல. நானே வாசிச்சுக் காட்டுதேன்."

தாளை வாங்கியதும் சரசரவென்று வாசலை நோக்கி நடந்தவள், என்னவோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, வா," என்றாள். "ஒனக்கும் சேத்துத்தான் சோறு பொங்கிருக்கேன்."